ஹார்ட்டுன்னு சொல்லிடு

பிச்சுமணிக்கு ஹார்ட்டில் கோளாறு என்று மீனாக்ஷி எல்லோரிடமும் சொல்லத் தொடங்கியபோது அவருடைய ஈரல் முக்கால்வாசி போய்விட்டிருந்தது.

அவர் வாழ்நாளில் ஒரு சொட்டு தொட்டதில்லை. இருமல் மருந்து வாங்கினால்கூட அதில் ஆல்கஹால் கலந்திருக்கிறதா என்று பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் படிக்கிறவர். அப்படிப்பட்டவர் வயிறு வீங்கி, கண் மஞ்சளாகி, சென்னையில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபோது முதலில் பார்க்க வந்த அவருடைய அத்தான், "யாருக்கும் தெரியாம நன்னாத்தான் அடிச்சிருக்கே மணி" என்று சிரித்தார். வேடிக்கைக்குத்தான் சொன்னார். வராந்தாவில் நின்ற சொந்தக்காரர்களும் வேடிக்கையாகத்தான் கேட்டுக்கொண்டார்கள். ஆனால் அடுத்த வாரம் வந்தவர்கள் யாரும் சிரிக்கவில்லை. எவ்வளவு காலமாக இந்தப் பழக்கம் என்று மீனாக்ஷியைத் தனியாக அழைத்துத் தணிந்த குரலில் விசாரித்தார்கள்.

டாக்டர் தெளிவாகத்தான் சொன்னார். இரத்தத்தில் ஹெப்படைட்டிஸ் பி வைரஸ், குடிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, பல வருஷங்களாகவே உள்ளே இருந்திருக்கிறது. மனைவியும் பிள்ளைகளும் உடனே பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். மீனாக்ஷி தலையாட்டினாள். அப்போது மகள் பிரீத்திக்கு அமெரிக்க வரன் ஒன்று ஏறக்குறைய முடிந்திருந்தது. அந்தக் குடும்பத்துக்கு இரத்தத்திலேயே ஏதோ கோளாறாம் என்று ஒரு பேச்சு போனால் போதும், எல்லாம் நின்றுவிடும். மகன் ஷ்ரேயஸ் கோயம்புத்தூரில் காலேஜ் ஹாஸ்டலில் இருந்தான், அவனுக்குப் பரீட்சை நேரம். பார்க்காத வரைக்கும் யாருக்கும் ஒன்றுமில்லை என்று அவள் தனக்குச் சொல்லிக்கொண்டாள். அது தப்பு என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை.

ஒரு மத்தியானம் பிச்சுமணி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "லிவர்னு சொல்லாதே மீனா. குடிகாரன்னு நெனப்பா. ஹார்ட்டுன்னு சொல்லிடு" என்றார். அதன் பிறகு அவர் புரியும்படியாக எதுவும் பேசவில்லை.

சொல்லிவிட்டாள். பெங்களூரில் வேலையிலிருந்த பிரீத்தி கடைசி நாட்களில் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். கண் ஏன் மஞ்சளாக இருக்கிறது என்று கேட்டதற்கு, ஹார்ட் மருந்தின் சூடு என்று பதில் கிடைத்தது. அவள் மேலே கேட்கவில்லை. ஷ்ரேயஸ் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பிரீத்தியின் கல்யாணம் தள்ளிப்போனதே தவிர நின்றுபோகவில்லை. மீனாக்ஷி ஜெயித்துவிட்டாள்.

பல வருஷம் கழித்து, இப்போது அவள் அமெரிக்காவில், ஃப்ரீமான்ட்டில் ஷ்ரேயஸின் வீட்டில் இருக்கிறாள். பிரீத்தி மலைக்கு அந்தப் பக்கம் பிளசன்டனில், கணவன் சுஹாஸோடும் மகள் அனன்யாவோடும். மீனாக்ஷி வந்து இறங்கிய மறுநாளே ஷ்ரேயஸ் தன் கல்யாணத்தைப் பற்றிச் சொன்னான். பெண்ணின் பெயர் ஹியென். சின்ன வயதில் வியட்நாமிலிருந்து வந்தவள். சான் ஹோசேயில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். மீனாக்ஷி அழவில்லை, சண்டை போடவில்லை. சாப்பிட அழைத்து வா என்றாள்.

அந்தப் பெண் வந்தாள். செருப்பை வாசலில் ஒழுங்காக விட்டாள். ரசம் சாதத்தைக் கையால் பிசைந்து சாப்பிட்டாள். ஷ்ரேயஸ் முன்பே பழக்கியிருக்கிறான் என்பது தெரிந்தது. பேச்சு எங்கெங்கோ போய், அவள் சனிக்கிழமைகளில் செய்கிற வேலைக்கு வந்தது. அவர்களுடைய சர்ச் ஹாலில் ஒரு மேசை போட்டு, தங்கள் ஜனங்களுக்கு ஹெப்படைட்டிஸ் பி இருக்கிறதா என்று இலவசமாக இரத்தம் எடுத்துப் பார்க்கிறார்களாம். மீனாக்ஷியின் கையில் கரண்டி இருந்தது. அதைக் கீழே வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

யாரும் வர மாட்டார்கள் என்று ஹியென் சிரித்தபடி சொன்னாள். பூசை முடிந்து வெளியே வருகிறவர்கள் மேசையைத் தாண்டும்போது கூரையைப் பார்த்துக்கொண்டு நடப்பார்கள். வலியே இல்லாத உடம்பில் ஊசி குத்தினால் தூங்குகிற நோயை எழுப்பிவிட்டது போலாகும் என்பார் ஒரு பெரியவர். ஒருத்தி கணவனைக் கேட்டுவிட்டு வருகிறேன் என்பாள், கணவன் மூத்த மகனைக் கேட்க வேண்டும் என்பான். கசப்பாக ஒரு கஷாயம் குடித்து ஈரல் சூட்டைத் தணித்துவிட்டேன், எனக்கு எதற்கு என்பார்கள். நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டியவர்கள்கூடத் தெரிந்த முகம் ஒன்று உள்ளே நுழைந்தால் சட்டைக் கையை இறக்கிவிட்டு எழுந்து போவார்கள். போன வாரம் வந்த ஓர் அம்மாள், இரண்டு பெண்களுக்கும் கல்யாணம் ஆகட்டும், அப்புறம் பார்த்துக்கொள்கிறேன் என்றாளாம்.

மீனாக்ஷி கொஞ்சம் ரசம் விடட்டுமா என்று கேட்டாள்.

ஹியென் தட்டை நீட்டினாள். பிறகு சிரிப்பில்லாமல் தன் அண்ணனைப் பற்றிச் சொன்னாள். ஈரலில் கேன்சர் வந்து இளம் வயதில் போய்விட்டான். அம்மா சர்ச்சில் எல்லோரிடமும் வயிற்றுப் புண் என்று சொன்னாள். வீட்டில் மற்றவர்கள் பரிசோதனைக்குப் போனால் அந்தப் பொய் வெளியே வந்துவிடும் என்பதால் வெகு காலம் யாரும் போகவில்லை. கடைசியில் அவள் மட்டும் போனாள். அவளுக்கும் இருந்தது, பிறக்கும்போதே அம்மாவிடமிருந்து வந்தது. இப்போது டாக்டர் பார்வையில் இருக்கிறாள், நன்றாகத்தான் இருக்கிறாள். ஷ்ரேயஸிடம் இதையெல்லாம் ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டாள். அவனும் ஒரு தரம் பார்த்துக்கொண்டு, இல்லையென்றால் தடுப்பூசி போட்டுக்கொண்டு, அதன் பிறகுதான் கல்யாணம். தன் வீட்டில் யாரும் கேட்காமல் விட்டதைக் கேட்டுவிட்டுத்தான் இன்னொரு வீட்டைத் தொடங்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை.

அவள் போன பிறகு, மீனாக்ஷி அவள் சாப்பிட்ட தட்டையும் டம்ளரையும் கழுவாமல் ஒரு குப்பைப் பையில் போட்டு முடிச்சுப் போட்டாள். ஷ்ரேயஸ் பார்க்கும்படியாகத்தான் போட்டாள்.

"அது எச்சில்லாம் பட்டு வராதும்மா" என்று அவன் கத்தினான். "படிச்சவதானே நீ?"

அவளுக்கு அது தெரியும். அவனைவிட நன்றாகவே தெரியும். பிச்சுமணியின் தட்டில் மிச்சம் இருந்ததை எத்தனையோ வருஷம் சாப்பிட்டவள் அவள். தட்டைப் பற்றி அவளுக்குப் பயம் ஒன்றும் கிடையாது. அந்தப் பெண் இந்த வீட்டில் இருந்தால் என்றைக்காவது ஒரு நாள் சிரித்துக்கொண்டே, ரசத்துக்குத் தட்டை நீட்டிக்கொண்டே, கேட்கக் கூடாததைக் கேட்டுவிடுவாள் என்பதுதான் பயம்.

மறுநாள் ஏரிக்கரையில் கூட நடக்கும் கண்மணி ஆன்ட்டியிடம், பெண் தங்கமானவள்தான், இரத்தத்தில்தான் ஏதோ இருக்கிறதாம் பாவம் என்றாள். நமக்குள்ளேயே இருக்கட்டும் என்றும் சொன்னாள். கண்மணியிடம் அப்படிச் சொன்னால் என்ன ஆகும் என்று தெரிந்துதான் சொன்னாள். அந்த வாரக் கடைசியில் மவுரி அவென்யூ இந்தியக் கடைக்கு மகனோடு காய்கறி வாங்கப் போனபோது, முன்பின் அதிகம் பழகாத ஒரு மாமி ஷ்ரேயஸின் தோளைத் தட்டி, எதுக்கும் பார்த்துச் செய் கண்ணா என்று சொல்லிவிட்டுக் கொத்தமல்லி பக்கம் போனாள். அவன் வீடு வரும் வரை காரில் ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டுக்குள் வந்ததும், இந்த வாயெல்லாம் மூடுவதற்காகவே நாளைக்கு டெஸ்ட்டுக்குப் போகிறேன் என்றான்.

அவள் தடுத்திருக்கலாம். எப்படித் தடுப்பது என்று அந்த இரவு முழுவதும் யோசித்தாள். வேண்டாம் என்றால் ஏன் என்பான். அதனால் பேசாமல் இருந்தாள். அவனுக்கு இருக்காது என்று ஒரு பக்கம் வேண்டிக்கொண்டாள். இருந்தால் என்ன செய்வது என்பதையும் வேண்டிக்கொண்டிருக்கும்போதே யோசித்து வைத்தாள்.

அவன் ஆபீஸிலிருந்து சீக்கிரமாக வந்த நாளில், சாப்பாட்டு மேசையில் எதிரே உட்கார்ந்தான். லேப்டாப் பையைத் தோளிலிருந்து கழற்றவில்லை.

"பாசிட்டிவ்மா" என்றான்.

அவள் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள். அது நடிப்பில்லை. இந்தப் பிள்ளை இருபது வருஷம் கழித்து வயிறு வீங்கிப் படுத்திருப்பது அவள் கண்முன் வந்தது. அவன் முகத்தில் பிச்சுமணியின் மூக்கு.

"டாக்டர் நிறையக் கேக்கறார். இந்தியால பொறந்தவாளுக்கு மோஸ்ட்லி அம்மாகிட்டேர்ந்து வருமாம். இல்லேன்னா சின்ன வயசுலயே வீட்ல வேற யார்கிட்டேர்ந்தாவது. நீ எப்பவாவது டெஸ்ட் பண்ணிண்டிருக்கியா?"

"போன வருஷம்தானே மெட்ராஸ்ல மாஸ்டர் செக்கப் பண்ணிண்டேன். எல்லாம் நார்மல்னுட்டா."

சர்க்கரை, கொழுப்பு, ஈ.சி.ஜி. எல்லாம் பார்த்தார்கள். இதை யாரும் பார்க்கவில்லை. பார்க்கச் சொல்லி அவள் கேட்கவும் இல்லை.

"அப்பாவுக்கு?"

ஃப்ரிட்ஜ் ஒரு தரம் உறுமிவிட்டு அடங்கியது. பக்கத்து வீட்டில் யாரோ காரேஜ் கதவைத் திறந்தார்கள், அது முழுவதும் மேலே போகும் வரை அவள் காத்திருந்தாள். சொல்லிவிடலாம். ஒரு வாக்கியம்தான். அந்த ஒரு வாக்கியத்தைச் சொன்னால், அப்பா செத்ததும், பிரீத்தியின் கல்யாணமும், டாக்டர் சொல்லியும் உங்களைக் கூட்டிக்கொண்டு போகாமல் இருந்ததும், எல்லாம் அதன் பின்னாலேயே வரிசையாக வரும்.

"அப்பாவுக்கு ஹார்ட். தெரியாதா உனக்கு?"

"தெரியும். டாக்டர் கேட்டார், அதான்." மேசையின் விளிம்பை விரலால் தடவினான். "அப்போ..." என்றான். முடிக்கவில்லை.

அவளும் அதை முடித்துக்கொடுக்கவில்லை. ஹியென் என்ற பெயரை அவள் வாயால் எடுக்கவே இல்லை. அன்றைக்கு மட்டுமல்ல, அடுத்து வந்த நாட்களிலும் எடுக்கவில்லை. அவனுக்குப் பிடித்த சேனை வறுவல் செய்தாள், தலையைத் தடவிக்கொடுத்தாள், ஒண்ணும் ஆகாதுடா என்றாள். சொல்லாமல் விட்டதுதான் வேலை செய்தது. முதலில் அவன் ஹியெனோடு போனில் பேச வெளியே போய்வந்தான். பிறகு போன் அடிக்கும்போது பார்த்துவிட்டுக் கவிழ்த்து வைத்தான். பிறகு அது அடிப்பதே நின்றது. அம்மா சுத்தம், அப்பா சுத்தம், அப்படியென்றால் மிச்சம் இருப்பது ஒருத்திதான். நன்றாகப் படித்த பிள்ளை, கணக்கில் தப்பு விடமாட்டான்.

ஒரு புதன்கிழமை காலை, அவன் ஆபீஸ் போன பிறகு, ஹியென் வந்தாள்.

உள்ளே வந்து சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்தாள். அவனைத் திருப்பிக் கேட்க வரவில்லை என்று முதலிலேயே சொன்னாள். இதைப் போய் ஒரு அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று தயங்கி, பிறகு சொன்னாள். அவர்கள் இரண்டு பேரும் எப்போதும் கவனமாகத்தான் இருந்தார்கள். அது அவனுக்கும் தெரியும். ஆனால் இப்போது அவனுக்கு யாராவது ஒருவர் கொடுத்ததாக இருக்க வேண்டியிருக்கிறது. அது அவளாக இருப்பதுதான் எல்லோருக்கும் சுலபம்.

பிறகு கேட்டாள். "உங்க கணவர் எதனால இறந்தார், ஆன்ட்டி?"

"ஹார்ட்" என்றாள் மீனாக்ஷி.

ஹியென் வெகுநேரம் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் மீனாக்ஷி தாங்கியிருப்பாள்.

"என் அண்ணனுக்கு வயித்துப் புண்ணுன்னு எங்கம்மா சொல்வாங்க" என்றாள். "இப்படியேதான் சொல்வாங்க. கண்ணை எடுக்காம."

ஹியென் தொடர்ந்தாள். ஷ்ரேயஸிடம் இதை நான் சொல்ல மாட்டேன், சொல்வதற்கு இது என்னுடையது அல்ல என்றாள். ஆனால் நீங்கள் ஒரு தரம் பார்த்துக்கொள்ளுங்கள். பிரீத்தி பார்த்துக்கொள்ளட்டும், அவளுக்குச் சின்னக் குழந்தை இருக்கிறது. யாருக்கும் தெரிய வேண்டியதில்லை. தனியாகப் போகப் பயமாக இருந்தால் நான் வந்து அழைத்துப் போகிறேன், பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். எங்கள் ஆட்களுக்கு அப்படித்தான் செய்கிறேன்.

எதிரில் உட்கார்ந்து திட்டியிருந்தால் போதும். இப்படிக் கையைப் பிடித்து அழைத்துப்போக வந்திருக்கிறாள். பிச்சுமணி போன நாளிலிருந்து இந்த ஒன்றைச் சொல்ல யாராவது வருவார்களா என்று தன்னுள் ஏதோ காத்துக்கொண்டிருந்தது என்பதை மீனாக்ஷி அந்த நிமிஷத்தில்தான் உணர்ந்தாள். வந்தவள் இவளாக இருந்ததை அவளால் பொறுக்க முடியவில்லை. தனக்குத் தெரிந்த இங்கிலீஷைக் கூட்டி, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தாள்.

"உன் அண்ணனை முழுங்கியாச்சு. என் பிள்ளைக்கும் குடுத்தாச்சு. இன்னும் என் பொண்ணு வீடு வேணுமா உனக்கு?"

ஹியென் எழுந்தாள். வாசலில் உட்கார்ந்து ஷூவை மாட்டினாள். நாடா முடிச்சு விழவில்லை, அவிழ்த்து மறுபடி கட்டினாள், மறுபடி அவிழ்ந்தது. மீனாக்ஷி கதவைப் பிடித்துக்கொண்டு அவள் கட்டி முடிக்கும் வரை மேலிருந்து பார்த்துக்கொண்டு நின்றாள். போன பிறகு கதவைச் சாத்தினாள்.

ஆனால் குழந்தை என்ற சொல் வீட்டுக்குள் தங்கிவிட்டது. அனன்யாவின் முகம், தூக்கத்தில் சற்றே திறந்திருக்கும் அந்த வாய், போகிற வருகிற இடமெல்லாம் கூட வந்தது. சனிக்கிழமை தன்னைப் பிளசன்டனில் விடச் சொன்னாள். ஷ்ரேயஸ் விட்டுவிட்டு, டாக்டரைப் பார்க்கப் போனான்.

சுஹாஸ் அனன்யாவை நீச்சல் கிளாஸுக்கு அழைத்துப் போயிருந்தான். பிரீத்தி சமையலறையில் கொத்தவரங்காயை நார் எடுத்துக்கொண்டிருந்தாள். மீனாக்ஷி எதிரே உட்கார்ந்து தானும் ஒரு கைப்பிடி எடுத்துக்கொண்டாள்.

"நீ ஒரு பிளட் டெஸ்ட் பண்ணிக்கோடி. அனன்யாவுக்கும் ஒண்ணு பண்ணிடு" என்றாள் மீனாக்ஷி.

எதற்கு என்று பிரீத்தி கேட்பாள் என்று எதிர்பார்த்தாள். அவள் கேட்கவில்லை. காயிலிருந்து கண்ணையும் எடுக்கவில்லை.

"அவ வயித்துல இருக்கறச்சயே பண்ணியாச்சு. இங்க ப்ரெக்னன்ட்னா எல்லாருக்கும் பாப்பா. எனக்கு இருக்கு. அவளுக்கு இல்ல, பொறந்த அன்னிக்கே ஊசி போட்டுட்டா."

மீனாக்ஷியின் விரல்கள் நின்றுவிட்டன. பிரீத்தியின் விரல்கள் நிற்கவில்லை. சுஹாஸுக்குத் தெரியும், அவன் அம்மாவுக்குத் தெரியாது என்றாள். தெரியாமல் வைத்திருப்பதற்கு அவனுக்கு நன்றியோடு இருக்க வேண்டியிருக்கிறது. சண்டை வந்தால் மட்டும், "உங்க குடும்பச் சொத்து"ம்பான், அவ்வளவுதான்.

"ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

"அப்பா கண்ணை நான் பாத்தேன்மா." பிரீத்தியின் குரல் சாதாரணமாக இருந்தது. "எனக்கு இருக்குன்னு சொன்ன அன்னிக்கே எல்லாம் புரிஞ்சுது. நீயா சொல்லுவேன்னு இருந்தேன். ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் போன் பண்றச்ச இன்னிக்குச் சொல்லுவே, இன்னிக்குச் சொல்லுவேன்னு. நீ சமையலைப் பத்திப் பேசினே. சரி, நம்மாத்துல இதைச் சொல்றதில்ல போலிருக்குன்னு நானும் விட்டுட்டேன்."

"ஷ்ரேயஸ்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே. அந்தப் பொண்ணு..."

பிரீத்தி தலையைத் தூக்கி அம்மாவைப் பார்த்தாள். உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு வந்து போயிற்று.

"நீ என்னைக் கேக்கறியா?"

ஜன்னலுக்கு வெளியே காய்ந்து பழுப்பேறிய மலைச்சரிவு தெரிந்தது. மீனாக்ஷி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். உரித்த காய் ஒரு பக்கம் குவிந்தது.

இன்றைக்குச் சொல்லிவிடலாமா என்று கடைசியில் கேட்டாள். அதைத் தான்தான் கேட்டோமா என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

"சொன்னா உன்னை ஒண்ணும் பண்ண மாட்டான். நீ அம்மா. ரெண்டு நாள் அழுவான், மன்னிச்சுடுவான். எனக்கு எப்போ தெரியும்னு கேப்பான். இத்தனை வருஷமா தெரிஞ்சும் டெஸ்ட் பண்ணிக்கோடான்னு ஒரு வார்த்தை சொல்லலையேன்னு கேப்பான். அவளை விரட்டறச்சயும் வாயைத் திறக்கலையேன்னு கேப்பான். நான் என்ன சொல்லட்டும்?"

மேசைமேல் இருந்த பிரீத்தியின் போன் அடித்தது. ஷ்ரேயஸ். கை ஈரமாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டாள். அவன் கார் பார்க்கிங்கிலிருந்து பேசினான். மாத்திரை ஆரம்பிக்கச் சொல்கிறாராம் டாக்டர். வாழ்க்கை பூராவும் இருக்கலாம். கூடப் பிறந்தவர்கள் பார்த்துக்கொண்டார்களா என்று மறுபடியும் கேட்டாராம்.

"எப்படி வந்ததுன்னு எனக்குத் தெரியும்னு சொல்லிட்டேன். ஸ்டில், நீ ஒரு தடவை செக் பண்ணிடறியா? ஜஸ்ட் டு பி சேஃப்."

பிரீத்தி அம்மாவைப் பார்த்தாள். அம்மா ஏதாவது சொல்வாளா என்று கொஞ்சம் இடம் விட்டாள். பிறகு போன் பக்கம் குனிந்தாள்.

"உனக்குத்தான் அவகிட்டேர்ந்து வந்ததாச்சே. நான் எதுக்குடா பண்ணிக்கணும்?"

குரலில் ஒரு பிசிறு இல்லை. தம்பிமேல் உள்ள பிரியம்கூட அதில் அப்படியே இருந்தது.

"கரெக்ட்தான்" என்றான் அவன். ஒரு கார் ஹாரன் அடித்துவிட்டுப் போயிற்று. "அம்மா இருக்காளா பக்கத்துல?"

"இருக்கா. பேசு."

"அம்மா." அவன் தொண்டையைச் சரிசெய்துகொண்டான். "ஹியென் விஷயத்துல உன்னை ரொம்பப் பேசிட்டேன். நீ முதல்லயே பயந்தே, நான்தான் கேக்கல. சாரிம்மா."

மீனாக்ஷி வாயைத் திறந்தாள். பிரீத்தி கையிலிருந்த காயை ஒடிக்காமல் வைத்துக்கொண்டு அவள் உதட்டையே பார்த்தாள்.

"பரவால்லடா" என்றாள் மீனாக்ஷி. "சாப்பிட்டியா?"